பசியை அளந்து வளர்க்கும் ஊர்

கொல்லேறு ஏரிக்கரையில் மீன் குஞ்சுக்கு எப்போது, எவ்வளவு தீவனம் என்பதுதான் அன்றாடக் கவலை. கூடினால் சாவு, குறைந்தால் நஷ்டம்

காலை எட்டு மணி. ஆந்திரத்தின் கைகலூரில் இருந்து ஆட்டபாக்கா போகும் சாலையின் இருபுறமும் தண்ணீர்தான். தென்னை வைத்த மண்கரைகள் அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் வரிசையாக மூங்கில் கம்புகள். கம்புக்குக் கம்பு கட்டிய நைலான் கயிற்றில் பழைய உரப் பைகள் பாதி முழுகித் தொங்குகின்றன. தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு யாரோ குளத்தின் நடுவில் துணி உலர்த்தியது போலத் தோன்றும்.

தட்டைப் படகில் ஒருவர் பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டு போகிறார். கரையில் நிற்கும் குளத்துக்காரர் கேட்கும் முதல் கேள்வி இந்தப் பகுதியில் எல்லாக் குளங்களிலும் ஒன்றுதான்: நேற்றுப் போட்டதில் மிச்சம் உண்டா? இல்லை என்று பதில் வந்தால் முகம் தெளிகிறது. உண்டு என்றால் அடுத்த கேள்வி: எத்தனை பையில்?

பைக்குள் இருப்பது தவிடு. தெலுங்கில் தவுடு. அரிசி ஆலையில் இருந்து வரும் தவிட்டில் எண்ணெயைப் பிழிந்த பிறகு எஞ்சுவது. அதோடு கொஞ்சம் கடலைப் புண்ணாக்கோ பருத்திக்கொட்டைப் புண்ணாக்கோ சேரும். பையின் அடிப்பக்கத்தில் இரண்டு மூன்று வரிசையாகச் சிறு ஓட்டைகள். மீன் வந்து வாயால் முட்டினால் தவிடு கசியும், முட்டாவிட்டால் உள்ளேயே இருக்கும். நன்றாகத் தின்னும் குளத்தில் இரண்டு மணி நேரத்தில் பை காலி. விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், காசு கொடுத்து வாங்கவும் தேவையில்லாத ஒரு பழைய சாக்கைக் கொண்டு ஆந்திர விவசாயிகள் மீனின் பசியை அளக்கக் கற்றுக்கொண்டார்கள். பை அவர்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு, கணக்குப் புத்தகம், வைத்தியரின் நாடிக் கை எல்லாமே.

மீன் வளர்ப்பில் செலவுக் கணக்கின் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகிறது. ஆனால் இந்த ஊர்க்காரர்கள் தீவனத்தின் விலையைப் போலவே அதன் நேரத்தைப் பற்றியும் கவலைப்படுகிறார்கள். ஒரே அளவு தீவனம் காலை ஒன்பது மணிக்கு மீனை வளர்க்கும், இரவு ஒன்பது மணிக்கு அதே மீனைக் கொல்லக்கூடும். முதல் வாரத்துக் குஞ்சைப் பட்டினி போட்டால் குளமே போயிற்று. நாலு மாதக் குஞ்சைப் பட்டினி போட்டால் லாபம். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டதில்தான் கொல்லேறு வட்டாரத்தின் செல்வம் இருக்கிறது. அதன் சங்கடமும் அங்கேதான்.

நெல் போய் மீன் வந்தது

கிருஷ்ணா, கோதாவரி என்ற இரண்டு பெரிய ஆறுகளின் கழிமுகங்களுக்கு இடையே உள்ள பள்ளம்தான் கொல்லேறு. புடமேறு, தம்மிலேறு போன்ற ஓடைகள் மழைக்காலத்தில் கொண்டு வந்து கொட்டும் வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொண்டு, உப்புட்டேறு வழியாக மெதுவாக வங்கக் கடலுக்கு அனுப்பும் நன்னீர் ஏரி. மழைக்காலத்தில் விரியும், கோடையில் சுருங்கும். பனைமரத்தைக் குடைந்த தோணிகளில் போய்ப் பரம்பரை மீனவர்கள் வலை வீசினார்கள். தண்ணீர் வடிந்த விளிம்புகளில் நெல் விளைந்தது. வெள்ளம் வந்த ஆண்டுகளில் நெல் முழுகியது.

1970களின் பிற்பகுதியில் ஏரி நிலத்தில் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குளம் வெட்டிக் கொடுக்க மாநில அரசு முன்வந்தது. ஏழை மீனவருக்கான திட்டமாகத் தொடங்கியது விரைவிலேயே பணம் படைத்தவர்களையும் இழுத்தது. 1980களில் கைகலூர், ஆகிவீடு, பீமவரம் சுற்றுவட்டாரங்களில் நெல் வயல்களும் குளங்களாயின. நாற்று நட்டவர்கள் குஞ்சு விட்டார்கள். வெள்ளத்தில் முழுகிய பயிரைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு முழுகியே வளரும் பயிர் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

பயிர் என்ற சொல் இங்கே வெறும் உவமை அல்ல. மீன் வளர்ப்பும் நெல் சாகுபடி மாதிரியேதான் நடக்கிறது. முதலில் நாற்றங்கால் குளம், அடுத்து வளர்ப்புக் குளம், கடைசியில் பெரிய இருப்புக் குளம். பயிரிடப்படுவது பெரும்பாலும் ரோகு. தெலுங்கில் அதற்கு சீலாவதி என்ற அழகான பெயர். கூடவே கொஞ்சம் கட்லா, தெலுங்கில் பொச்செ. இந்தக் கெண்டைகளைத் தின்பவர்கள் மட்டும் ஆந்திரர்கள் அல்ல. பிடித்த மீனைப் பனிக்கட்டியோடு பெட்டிகளில் அடுக்கி ஏற்றிக்கொண்டு லாரிகள் வடகிழக்கு நோக்கி ஓடுகின்றன. ஹவுரா சந்தையில் வங்காளி இல்லத்தரசர் அமுக்கிப் பார்த்து வாங்கும் ரோகு கொல்லேற்றுப் பக்கத்துத் தவிட்டில் வளர்ந்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இத்தனை குளங்களுக்கும் குஞ்சு எங்கிருந்து வந்தது? ஆற்றில் வெள்ளம் வரும்போது மட்டுமே முட்டையிடும் இந்தக் கெண்டைகள் குளத்துத் தேங்கிய நீரில் முட்டையிடுவதில்லை. எனவே ஒரு காலத்தில் குஞ்சு வேண்டும் என்றால் ஆற்றில் அரித்தெடுக்க வேண்டும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சவுத்ரியும் கே.எச். அலிக்குன்ஹியும் மீனின் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டைகளை முட்டையிட வைத்தார்கள். அந்த நாள் இன்றும் தேசிய மீன் விவசாயிகள் தினம். ஒரு கிலோ எடையுள்ள ரோகுவிடம் இரண்டு லட்சம் முட்டைகளைச் சாதாரணமாக எதிர்பார்க்கலாம். முட்டைக்குப் பஞ்சம் தீர்ந்தது. அத்தனை வாய்க்கும் சோறு போடுவது எப்படி என்ற கேள்வி பிறந்தது.

வயிறில்லாத குழந்தை

முட்டையில் இருந்து வெளிவரும் குஞ்சுக்கு முதல் மூன்று நாள் யாரும் எதுவும் தர வேண்டியதில்லை. அதன் வயிற்றடியில் ஒட்டியிருக்கும் கருப்பைதான் கட்டுச்சோறு. மூன்றாம் நாள் கட்டுச்சோறு தீர்கிறது, வாய் திறக்கிறது. அப்போது அதன் நீளம் அரை சென்டிமீட்டர். அந்த நேரத்தில் வாய்க்கு எட்டும் தூரத்தில், வாய்க்குள் நுழையும் அளவில் உணவு இருக்க வேண்டும். சில நாள் கிடைக்காமல் போனால் பிறகு கிடைத்தும் பயனில்லை. அதன் குடல் உணவை ஏற்கும் சக்தியையே இழந்துவிடும். பார்வைக்கு நீந்திக்கொண்டிருக்கும், ஆனால் மீளாது.

அந்த முதல் உணவு தவிடு அல்ல. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீரில் மிதக்கும் சக்கரப் பூச்சிகளும் தண்ணீர்ப் பூச்சிகளும்தான். விவரம் தெரிந்த நாற்றங்கால்காரர்கள் குஞ்சு வருவதற்கு முன்பே, சாணமும் புண்ணாக்கும் சூப்பர் பாஸ்பேட்டும் கரைத்து ஊற்றித் தண்ணீரைப் பழுக்க வைக்கிறார்கள். தண்ணீர் பச்சை கலந்த பழுப்பாக மாறினால் சமையல் தயார். கூடவே சோப்பையும் எண்ணெயையும் கலந்து நீர்ப்பரப்பில் படலம் போல விடுவார்கள். மேலே வந்து மூச்சு வாங்கும் பூச்சிகள் அதில் மூச்சு முட்டிச் சாகும். இல்லையென்றால் குஞ்சுகளின் முதல் சாப்பாட்டுக்கு முன் குஞ்சுகளே பூச்சிகளின் சாப்பாடாகிவிடும்.

இதன் பிறகுதான் கைத்தீவனம். கடலைப் புண்ணாக்கும் தவிடும் சரிபாதி, மாவாகச் சலித்தது. மத்திய ஆராய்ச்சி நிலையங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு இது: ஒரு லட்சம் குஞ்சுக்கு முதல் ஐந்து நாள் தினம் 600 கிராம், அடுத்து வரும் நாட்களில் தினம் 1,200 கிராம். இதையும் ஒரே வேளையில் கொட்டக்கூடாது, இரண்டாகப் பிரித்துப் போட வேண்டும்.

பிரித்துப் போடச் சொல்வதன் காரணம் மீனின் உடலுக்குள் இருக்கிறது. கெண்டை இனத்துக்கு இரைப்பை என்று ஒன்று கிடையாது. மாடு போலவோ மனிதன் போலவோ ஒரே வேளையில் நிரப்பிக்கொண்டு நிதானமாகச் செரிக்கும் வசதி இல்லை. வாயில் போனது நேரே குடலுக்குப் போகிறது. வளர்ந்த மீனுக்குக் குடல் நீளம், சமாளித்துக்கொள்ளும். குஞ்சுக்கோ அது ஒரு நூல் துண்டு. சீக்கிரம் நிரம்பும், சீக்கிரம் காலியாகும். வெந்நீர் போன்ற கோடைத் தண்ணீரில் இன்னும் சீக்கிரம். கைக்குழந்தைக்கு மணிக்கொரு முறை பால் தருவதும் ஐந்து வயதுப் பையனுக்கு மூன்று வேளை சோறு போடுவதும் எந்த நியாயத்தில் நடக்கிறதோ அதே நியாயம்தான். குஞ்சுப் பருவத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பல முறை, வளர வளர வேளைகள் குறைவு. அளவும் அப்படித்தான் இறங்குகிறது. வளர்ப்புக் குளத்துக் குஞ்சுக்கு அதன் எடையில் நூற்றுக்கு எட்டு முதல் பத்து பங்கு வரை தினமும் வேண்டும். கிலோ எடையை நெருங்கும் மீனுக்கு இரண்டு பங்கு போதும்.

வேளை தவறினால் என்ன ஆகும் என்பது குளத்தை வலையில் இழுத்துப் பார்க்கும் நாளில் தெரியும். ஒரே தாயின் ஒரே நாள் குஞ்சுகள், சில விரல் நீளம், சில நெல்மணி நீளம். தினம் ஒரே முறை, ஒரே மூலையில் தீவனம் கொட்டிய குளத்தில் முந்திக்கொண்டவை தின்று பெருக்கின்றன, பெருத்தவை மறுநாளும் முந்துகின்றன. ஏழை பணக்காரன் வித்தியாசம் மூன்றே வாரத்தில் உண்டாகிவிடுகிறது. குஞ்சு வாங்க வருபவர் இப்படிப்பட்ட கலவையைப் பார்த்தால் விலையைக் குறைப்பார். குளத்தைச் சுற்றி நடந்து பரவலாகத் தூவிய, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்த இடத்தில் வரிசை ஒழுங்காக இருக்கும். எப்படியும் நாற்றங்காலில் விட்ட குஞ்சுகளில் நூற்றுக்கு நாற்பது ஐம்பது பிழைத்தாலே நல்ல குளம் என்று பெயர். அந்த நாற்பதை ஐம்பதாக்குவதில் பாதி வேலை நேரம் தவறாத ஒரு கையினுடையது.

சூரியன் சொல்லும் நேரம்

அந்தக் கை ஏன் விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்குவதில்லை? புதிதாக வருகிறவர்களுக்கு எழும் சந்தேகம் இது. குளத்து ஆட்கள் ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறார்கள், கரையைச் சுற்றி வருகிறார்கள், ஆனால் தீவனப் பக்கம் போவதில்லை.

காரணம் ஆக்ஸிஜன். பகலில் வெயில் பட்டு நீர்ப்பாசிகள் ஆக்ஸிஜனை வெளிவிடுகின்றன. இரவில் அவையும் மீனும் சேற்றில் உள்ள கோடானுகோடிக் கிருமிகளும் சேர்ந்து அதைச் செலவழிக்கின்றன. விடியும் நேரத்தில் கையிருப்பு மிகக் குறைவு. லிட்டருக்கு ஐந்து மில்லிகிராம் ஆக்ஸிஜன் இருந்தால் கெண்டைக்கு நிம்மதி. அதிகாலைக் குளத்தில் அது இரண்டுக்கும் கீழே போய், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் காணலாம். அனுபவமில்லாதவர் அதைப் பசி என்று நினைத்துத் தவிட்டை அள்ளிப் போடுவார். அது மூச்சுத் திணறல்.

சாப்பிட்ட மீனுக்கு மூச்சு அதிகம் வேண்டும். செரிமானம் என்பது உடல் செய்யும் கூலி வேலை, தின்ற சில மணி நேரத்துக்கு ஆக்ஸிஜன் தேவை ஏறிக்கொண்டே போகும். எனவே வெயில் ஏறி, தண்ணீரில் காற்று சேரத் தொடங்கிய பிறகு தீவனம் போட்டால் செரிமானம் பகலோடு முடிகிறது. மாலை மங்கிய பிறகு வயிறு நிறையக் கொடுத்தால், குளத்தில் ஆக்ஸிஜன் வடியும் நேரத்தில் மீனுக்கு அது அதிகம் தேவைப்படும். வரவு குறையும் நேரத்தில் செலவு கூடுகிற குடும்பத்தின் கதைதான். தின்னாமல் மிஞ்சிய தவிடோ இரட்டிப்பு வம்பு. அது அடியில் படிந்து அழுகி, மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனையும் உறிஞ்சிக்கொண்டு அமோனியாவைக் கக்குகிறது. அமோனியா செவுள்களை அரிக்கிறது. நோய்க்கிருமி நுழையக் கதவு திறந்தாயிற்று.

இதனால்தான் இந்த ஊரில் வானம் பார்க்கும் வழக்கம் நெல்லோடு போய்விடவில்லை. மேகம் மூடிய நாளில் பை பாதிதான் நிரம்பும். மழை பிடித்துக்கொண்டால் அதுவும் இல்லை. இரண்டு நாள் தொடர்ந்து இருட்டிக்கொண்டிருந்தால் தீவனக் கிடங்கைப் பூட்டிவிட்டு மோட்டார் இரைக்கும் தண்ணீரைக் குளத்துக்குப் பாய்ச்சுகிறார்கள். ஒரு நாள் பட்டினியால் எந்த மீனும் சாவதில்லை, ஒரு வேளைச் சாப்பாட்டால் ஒரு குளமே செத்ததுண்டு என்பதை இங்கே பலர் காசு கொடுத்துக் கற்றிருக்கிறார்கள்.

ஓராண்டுப் பட்டினி

கொல்லேறு வட்டாரத்தின் துணிச்சலான கண்டுபிடிப்பு இதற்கும் ஒரு படி மேலே போகிறது. நாலைந்து அங்குலம் வளர்ந்த குஞ்சுகளை இங்கே உடனே பெரிய குளத்துக்கு மாற்றுவதில்லை. வழக்கமான அளவைவிடப் பல மடங்கு நெருக்கமாக ஒரு குளத்தில் அடைத்து, உயிரைப் பிடித்துவைக்கும் அளவுக்குத் தவிடு காட்டி, ஓராண்டு, சில நேரம் அதற்கும் மேல் நிறுத்தி வைக்கிறார்கள். சாதாரணமாக விட்டால் ஓராண்டில் முக்கால் கிலோவையோ ஒரு கிலோவையோ எட்டக்கூடிய ரோகு, இங்கே நூறு கிராமைச் சுற்றியே நிற்கிறது. வளர்ச்சி தடுக்கப்பட்ட குஞ்சு என்று அதற்குப் பெயர்.

கொடுமை போலத் தோன்றும். இடம் மாறியதும் நடப்பது வேறு. நெருக்கடியும் பட்டினியும் நீங்கி, அகலமான குளமும் முழுப் பையும் கிடைத்ததும் அந்த மீன் இழந்த காலத்தை ஈடுகட்ட முனைகிறது. பசி அகோரமாக இருக்கிறது, தின்றதை உடம்பாக்கும் திறனும் கூடுகிறது. ஈடுசெய் வளர்ச்சி என்று அறிவியல் இதைச் சொல்கிறது. பல வகை மீன்களிலும் கால்நடைகளிலும் கண்ட ஒன்று. கஞ்சியும் கூழுமாகக் காய்ச்சலில் கிடந்த பையன் எழுந்ததும் பானையைக் காலி செய்வதைப் பார்த்த எந்தத் தாய்க்கும் இது புதிய செய்தி அல்ல.

விவசாயியின் கணக்கு இன்னும் எளிமையானது. குஞ்சு மழைக்காலத்தில் மட்டுமே மலிவாகக் கிடைக்கிறது. குளமோ ஆண்டின் எந்த மாதத்திலும் காலியாகலாம். நிறுத்தி வைத்த குஞ்சு கையில் இருந்தால் பெரிய குளம் ஒரு நாளும் சும்மா கிடக்க வேண்டியதில்லை. நூறு கிராம் மீனைக் கொக்கும் நீர்க்காகமும் எளிதில் தூக்க முடியாது, விட்டதில் பெரும்பகுதி பிழைக்கும். ஒரு கிலோ மீனுக்கே ஹவுராவில் மதிப்பு. அதைச் சில மாதங்களிலேயே எட்டலாம். பெரிய குளத்தின் விலையுயர்ந்த மாதங்களைச் சின்னக் குளத்தின் மலிவான பசியால் வாங்குகிறார்கள்.

ஆனால் பட்டினிக்கு ஓர் எல்லை உண்டு, அந்த எல்லையில் பலகை நட்டிருக்கவில்லை. குறைவாகத் தின்னும் மீன் நோயை எதிர்க்கும் சக்தியையும் குறைத்துக்கொள்கிறது. நெருக்கம் அந்த நோயைப் பரப்புகிறது. செவுளில் புழு, உடம்பில் சிவந்த புண், எல்லாவற்றுக்கும் மேலாக மீன் பேன். தட்டையான, கண்ணாடி போன்ற இந்தப் பேன் ரோகுவின் செதிலோரம் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். அரிப்புத் தாங்காமல் மீன் துள்ளும், கரையில் உரசும், தீவனத்தை விட்டுவிடும். பையில் மிச்சம் விழத் தொடங்குவதுதான் பெரும்பாலும் முதல் அறிகுறி. இதில் ஒரு முரண். பேன் தன் முட்டைகளை நீருக்குள் இருக்கும் கெட்டியான பரப்புகளில் வரிசை வரிசையாக இடுகிறது. தீவனப் பை கட்டும் மூங்கில் கம்பு அதற்கு வசதியான தொட்டில். மீன் கூட்டமாகத் தின்ன வரும் இடத்திலேயே பேன் பொரிந்து காத்திருக்கிறது. அதனால் கம்புகளைப் பிடுங்கி வெயிலில் காயவைப்பது தீவன வேலையின் ஒரு பகுதி.

இந்த எல்லையை மீறியவர்கள் உண்டு. தவிட்டின் விலை ஏறும்போதெல்லாம் ஆசை எட்டிப் பார்க்கிறது. பட்டினிக் குளத்துக்கு இன்னும் கொஞ்சம் குறைத்தால் என்ன? மாட்டுத் தீவனத்துக்கும் கோழித் தீவனத்துக்கும் போட்டியாக மீனும் தின்னும் பண்டம் இது. விலை ஏறிய நிலையில் 2023 ஜூலையில் மத்திய அரசு எண்ணெய் நீக்கிய தவிட்டின் ஏற்றுமதிக்கே தடை போட்டது. ஆனால் மெலிந்து தலை பெருத்து, உடம்பு ஊசியான குஞ்சு பெரிய குளத்தில் முழுப் பையைக் கண்டாலும் தேறுவதில்லை. பட்டினியிலும் அன்றாடம் தவறாத கைப்பிடி வேண்டும் என்பதுதான் தேர்ந்தவர்களின் பாடம். குறைவாகக் கொடு, ஆனால் கொடுக்காமல் விடாதே.

விவசாயி பழக்கத்தில் கண்டதை ஆராய்ச்சியாளர்கள் வேறு பாதையில் தேடினார்கள். 1980களில் சேனா டி சில்வா இலங்கையில் திலாப்பியா மீனை வைத்து ஒரு யோசனையைச் சோதித்தார். தினமும் புரதம் மிகுந்த உயர்ந்த தீவனம் போட வேண்டுமா? சில நாள் மலிவானதும் சில நாள் உயர்ந்ததுமாக மாற்றி மாற்றிப் போட்டால் என்ன? மங்களூர் மீன்வளக் கல்லூரியில் எம்.சி. நந்தீஷாவும் உடனிருந்தவர்களும் பின்னர் கட்லாவிலும் ரோகுவிலும் அதைச் சோதித்தார்கள். சரியாக அமைத்த கால அட்டவணையில் வளர்ச்சி குறையவில்லை, தீவனச் செலவு குறைந்தது. தினமும் விருந்து போட்டால் அதில் ஒரு பங்கை மீன் உடம்பாக்காமல் கழிவாகவே வெளியே விடுகிறது. அந்தக் கழிவு எங்கே போகிறது என்பது கொல்லேற்றில் யாரும் கேட்க விரும்பாத, கேட்டாக வேண்டிய கேள்வி.

ஏரியின் வயிறு

அது ஏரிக்குத்தான் போகிறது. அறுவடை முடிந்த குளம் வடிகட்டப்படும்போது தின்னாத தவிடும் எச்சமும் உரமும் கரைந்த நீர் வாய்க்கால் வழியாக இறங்குகிறது. அதை உண்டு ஆகாயத்தாமரை கொழுக்கிறது. ஒரு குளத்தில் அளவு மீறிய தீவனம் செய்வதை, நூற்றுக்கணக்கான குளங்கள் சேர்ந்து ஏரிக்குச் செய்கின்றன.

ஏரி சுருங்கியும் விட்டது. 1999-ல் 308 சதுர கிலோமீட்டர் பரப்பு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-ல் ராம்சார் பட்டியலில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக இடம் பிடித்தது. காகிதத்தில் கௌரவம் ஏறிக்கொண்டிருந்தபோது தரையில் கரைகள் ஏறிக்கொண்டிருந்தன. உச்ச நீதிமன்றம் வரை போன வழக்குக்குப் பிறகு 2006-ல் ஆபரேஷன் கொல்லேறு என்ற பெயரில் ஐந்தடி உயரக் கோட்டுக்குள் இருந்த குளங்களின் கரைகள் உடைக்கப்பட்டன. வாழ்வு போயிற்று என்று குமுறியவர்களில் சிறு மீனவர்களும் இருந்தார்கள், பெரும் முதலாளிகளும் இருந்தார்கள். பிறகு சில கரைகள் மீண்டும் முளைத்தன. வழக்குகளும் அப்படியே.

ஆட்டபாக்கா பறவைகள் சரணாலயத்தின் மேடையில் ஏறி நின்றால் இன்னொரு தீவன நேரத்தைப் பார்க்கலாம். மரங்களிலும் இரும்புத் தாங்கிகளிலும் கூடு கட்டிய கூழைக்கடாக்கள். பெரிய பறவை வந்து இறங்கியதும் குஞ்சு அதன் அலகுப் பைக்குள் தலையையே நுழைத்து, அரைச் செரிமானமான மீனைத் தின்கிறது. அந்த மீனில் ஒரு பகுதி அக்கம்பக்கத்துக் குளங்களில் இருந்து வந்தது என்பது குளத்துக்காரர்களின் நிரந்தரப் புகார். நாற்றங்கால்களின் மேல் நூல் கட்டுகிறார்கள், வெடி வெடிக்கிறார்கள். பறவையும் நேரம் கற்றுக்கொள்கிறது.

குளங்களுக்கு முன்பு இந்த ஏரிக்கும் ஒரு தீவன அட்டவணை இருந்தது. ஆடி, ஆவணியில் வெள்ளம் வரும். காய்ந்து கிடந்த விளிம்புகளில் தண்ணீர் ஏறும்போது புல்லும் சாணமும் கரைந்து நுண்ணுயிர் பெருகும். ஆற்றில் பிறந்த குஞ்சு சரியாக அந்த வேளையில் பசியோடு வந்து சேரும். யாரும் நிறுத்துப் போடவில்லை, மிச்சமும் விழவில்லை. விவசாயி இன்று சாணம் கரைத்து, எடை போட்டு, இரண்டு வேளையாகப் பிரித்து, வானம் பார்த்துச் செய்வதெல்லாம் அந்த வெள்ளத்தின் வேலையைத்தான். வெள்ளத்துக்கு வங்கிக் கடன் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

பத்தரை மணி ஆகிறது. உப்புட்டேற்றுக்கு அப்பால் வானம் கறுக்கிறது. படகுக்காரர் இரண்டாம் சுற்றுக்குப் பைகளை நிரப்பக் குனிகிறார். கரையில் இருந்து குளத்துக்காரர் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்கிறார். நிரப்பிய பைகள் படகிலேயே கிடக்கின்றன. தவிட்டின் வாசனைக்குப் பழகிய ரோகுகள் வெறும் கம்புகளைச் சுற்றிச் சற்று நேரம் வட்டமிட்டுவிட்டு ஆழத்துக்குத் திரும்புகின்றன. இன்று அவற்றுக்கு அரை வயிறு. நாளைக் காலையில் வெயில் வந்தால் எல்லாம் உயிரோடு மேலே வரும், முழுப் பையைத் தேடி.